பிள்ளையின் குரலுக்குச் சிவப்பு மையா?

மூன்று நிமிடம் ஓடும் ஓர் ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் ஒருவர் பத்துக்கு நான்கு மதிப்பெண் அளித்தார். இக்கட்டுரை அதனால் எழுந்தது. நான்கு மதிப்பெண்ணுக்கா இத்தனை சினம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். கிடைத்த நான்கைப் பற்றி எனக்கு வழக்கில்லை. பிடிக்கப்பட்ட ஆறு எதற்காகப் பிடிக்கப்பட்டது என்பதே வழக்கு.

என் மகள் வயிற்றுப் பேத்தி ஏழாம் வகுப்பு மாணவி. பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. அத்தகைய பள்ளிகள் நம் கடற்கரை ஊர்களில் ஒன்றிரண்டல்ல. ‘எங்கள் ஊரின் கதை’ என்னும் தலைப்பில் மாணவர் ஒவ்வொருவரும் மூன்று நிமிட வலையொலி ஒன்று தயாரித்து, அதன் எழுத்துப் படியையும் உடன் இணைத்துத் தர வேண்டுமென்று சென்ற ஆண்டு அங்கே பணித்தார்கள். பாட்காஸ்ட் என்று உலகம் வழங்குவதையே நம்மவர் வலையொலி என்கின்றனர். செய்தி கேட்டு நான் மகிழ்ந்தேன். முப்பதாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான்; வகுப்பில் வாய் திறக்கும் பிள்ளையை அடக்குவதற்கே சம்பளம் வாங்கியவன் என்றும் சொல்லலாம். பேசுவதற்கு மதிப்பெண் தரும் காலம் வந்துவிட்டதே என்று எண்ணிக்கொண்டேன்.

பேத்தி நேரே என் ராத்தாவிடம் போனாள். ராத்தாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. மச்சான் 1979இல் சவூதிக்குப் போனவர். அந்நாளில் எங்கள் தெருவில் எவர் வீட்டிலும் தொலைபேசி இல்லை. கடிதம் எழுதலாம் என்றால் ராத்தாவுக்கு எழுத்து தடுமாறும். ஆகவே மச்சான் ஒலிநாடாவில் பேசி, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவார். டேப்பு வந்திருக்கிறது என்றால் வீடே கூடிவிடும். சிறுவர்களுக்குச் சொன்னது, மாமியாருக்குச் சொன்னது எல்லாம் கேட்டு முடிந்தபின், ராத்தாவுக்கென்று சொன்ன பகுதி வரும்போது எங்களையெல்லாம் வெளியே விரட்டுவார்கள். வளைகுடாவுக்கு ஆளனுப்பிய குடும்பங்களில் இதை அறியாத குடும்பம் மிகக் குறைவு.

பேத்தி, “அந்த டேப்பெல்லாம் இப்ப எங்கே?” என்று கேட்டிருக்கிறாள். ராத்தா தந்த விடை பதிவில் இருக்கிறது: “புது டேப்பு வாங்கக் காசு ஏது புள்ளே? அவுஹ பேசி அனுப்புன டேப்புலயே, அவுஹ கொரலு மேலயே நான் பேசி அனுப்பிருவேன். அவுஹளும் ஏங் கொரலு மேல பேசி அனுப்புவாஹ. கடைசியில ஒண்ணும் மிஞ்சல.” பதிந்த நாடாவின்மேல் மறுபடி பதிந்தால் முன்னது அழிந்துபோகும் என்பதைப் பழைய ஒலிநாடாவைக் கண்டவர் அறிவர். இதைச் சொல்லிவிட்டு ராத்தா சற்று நேரம் பேசவில்லை. எங்கோ ஒரு காகம் கரைகிறது. அடுக்களையில் குக்கர் சீழ்க்கையடிக்கிறது. அந்த மௌனத்தைப் பேத்தி வெட்டி எறியாமல் அப்படியே விட்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ராத்தாவின் வாயிலிருந்து இச்செய்தியை நானே அன்றுதான் முதன்முறை கேட்டேன்.

எழுத்துப் படி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘அவுஹ’ என்பது அடிக்கப்பட்டு ‘அவர்கள்’ ஆகியிருந்தது. ‘பசியாறிட்டு’ என்ற இடத்தில் ‘காலை உணவு அருந்திவிட்டு’ என்றிருந்தது. ‘ஆணம்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. அடியில் மூன்று குறிப்புகள்: கொச்சை வழக்கு, பின்னணி இரைச்சல், நடுவில் பேச்சு நின்றுவிட்டது.

முதற்பரிசு பெற்ற பதிவையும் வாங்கிக் கேட்டேன். ஊரின் பரப்பளவு, மக்கள்தொகை, கலங்கரை விளக்கத்தின் உயரம் ஆகியவற்றை இணையத்திலிருந்து எடுத்துக் கோத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் குரலில் வாசிக்கச் செய்திருந்தார்கள். செய்தவர் மாணவனின் தந்தை என்று பிறகு அறிந்தேன். மாணவன்மீது எனக்கு வருத்தமில்லை. குரல் குற்றமற்று இருந்தது. அதற்கு இருமல் வராது, மூச்சு வாங்காது, காகமும் கரையாது. அது எந்த ஊரின் குரல் என்று கேட்டால் விடை இல்லை. ஊரின் கதையைச் சொல்ல ஊர் இல்லாத ஒரு குரலைத் தேர்ந்து, அதற்கு ஆசிரியர் கையாலேயே பரிசும் வழங்கியாயிற்று. (பேச இயலாத பிள்ளைக்கு இயந்திரக் குரல் ஓர் அருட்கொடை. அதை நான் குறை கூறவில்லை.)

இக்கருவி வகுப்பறைக்குள் எதற்காக வந்தது என்பதைப் பள்ளிகள் மறந்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். வலையொலி நேற்று முளைத்ததன்று. 2004ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்னும் செய்தியாளர், ஐபாட் என்ற பாட்டுப் பெட்டியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து அப்பெயரை எழுதினார். 2022இல் ஐபாடின் உற்பத்தியே நின்றுபோயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஒலிபரப்பு நிலையம், உரிமம், கோபுரம் ஏதுமின்றி எவரும் பேசலாம் என்பதே அதன் புதுமை. பேசும் உரிமை பரவலாயிற்று என்பதைத் தவிர அதில் வியக்க ஒன்றுமில்லை. அத்தகைய கருவியைக் கொண்டுவந்து, அதிலும் ஒரே குரல்தான் ஒலிக்க வேண்டும் என்றால் பழைய பாடநூலே போதுமே!

படங்களோடு கதை சொல்லும் முறைக்கும் இதே வரலாறுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டானா ஆச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோர் 1990களின் தொடக்கத்தில் இதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடத்தத் தொடங்கினர். அங்கே முதல் வேலை கணினியைத் திறப்பதன்று. வந்தவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். பிறகுதான் அதை எழுதிச் சுருக்குவதும், சொந்தக் குரலில் பதிவதும், வீட்டிலிருக்கும் பழைய ஒளிப்படங்களைச் சேர்ப்பதும். முடிவில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடப் படம். ‘சொந்தக் குரலில்’ என்பதே அம்முறையின் முதுகெலும்பு. வேல்சு நாட்டில் பி.பி.சி. நிறுவனம் கார்டிஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2001 முதல் 2008 வரை இம்முறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றது; டேனியல் மெடோஸ் என்னும் ஒளிப்படக் கலைஞர் அதற்கு வழிகாட்டினார். சாதாரண மக்கள் தங்கள் கதைகளைத் தாங்களே சொன்னார்கள். அவற்றுள் ஆங்கிலத்தில் சொன்னவையும் உண்டு. ஆங்கிலத்தின் நிழலில் ஒடுங்கியிருந்த வேல்சு மொழியில் சொன்னவையும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகளிடம் இது என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். அமெரிக்கத் தேசியப் பொது வானொலி, மாணவர்களுக்கென்று ஒரு வலையொலிப் போட்டியை அறிவித்து 2019இல் முதன்முதலாகப் பரிசளித்தது. உயர்நிலைப் பிரிவில் பரிசு பெற்றவர்கள் டென்னசி மாநிலத்தின் எலிசபெத்தன் என்ற சிற்றூர்ப் பள்ளியின் மாணவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அருகிலுள்ள எர்வின் என்னும் ஊரின் கதை. 1916இல் அவ்வூரில் மேரி என்ற சர்க்கஸ் யானையை, தன் பாகனைக் கொன்றதற்காக, இரயில்வேப் பளுதூக்கியில் சங்கிலியால் கட்டித் தூக்கிலிட்டார்கள். நூறாண்டுகள் அவ்வூர் இந்த அவப்பெயரைச் சுமந்தது. யானைகளின் காப்பகத்துக்குப் பொருள் திரட்டி உதவும் ஊராக அது இன்று மாறியிருப்பதையும் சேர்த்து, ஊராரிடமே கேட்டு அந்தப் பிள்ளைகள் கதையாக்கினார்கள். ஊரின் பரப்பளவா அதற்குப் பரிசு வாங்கிக் கொடுத்தது? தங்கள் வட்டாரத்தின் வெட்கத்தை மறைக்காமல் சொன்னதற்கல்லவா பரிசு!

நடுநிலைப் பிரிவில் வென்றவர்கள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிச் சிறுமியர். மாதவிடாயைப் பற்றிப் பேச ஏன் எல்லாரும் கூசுகிறார்கள் என்று ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தங்கள் மொழியிலேயே பேசினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அவர்கள் பேச்சு அரசவை ஆங்கிலமும் அன்று. ‘கொச்சை’ என்று எவரும் ஆறு மதிப்பெண்ணைப் பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் நம் சமுதாயத்தில் இருவகை எதிர்ப்பு எழும் என்பதை நான் அறிவேன். கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுப்பதே கேடு. இதில் அதற்குப் பாடம் என்று வேறு பெயரா என்று கேட்போர் ஒருவகை. இவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். 2020இலும் 2021இலும் பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில் நம் பிள்ளைகள் அச்சிறு திரையின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து எதைக் கற்றார்கள், எதை இழந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஆயினும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை வாங்குகிறது. பதிவு செய்யும் பிள்ளை கொடுக்கிறது. ராத்தாவிடம் பேத்தி ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தாள்; கைப்பேசி தரையில் கிடந்தது, திரை அணைந்திருந்தது. அவள் வேறெந்த நாளில் அத்தனை நேரம் ஒரு முதியவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? கருவியே தீங்கு என்று சொல்வதாயின், எகிப்தின் ஷைகு மஹ்மூது கலீல் அல் ஹுஸரீ ஓதிய முழுக் குர்ஆனும் 1960களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவாகி வெளிவந்ததை என்னென்பது? இசைத்தட்டை ஆட்டபாட்டத்துக்குரியது என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கிராஅத்தை எகிப்துக்கு வெளியே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மற்றொரு வகையினர், பெண்பிள்ளையின் குரலை ஊரறிய உலவவிடலாமா என்பர். இதற்கு விடை எளிது. வகுப்பறை வலையொலியை வலையில் ஏற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வகுப்புக்குள் கேட்டு, பள்ளிக் கணினியில் காப்பாற்றி வைத்தால் போதும். ஆண்பிள்ளைக்கும் இதுவே முறை. இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே பெற்றோரைக் கேளாமல் பிள்ளையின் குரலையும் முகத்தையும் விளம்பரத்துக்காக ஏற்றும் பள்ளிகளைத் தாராளமாகக் கண்டியுங்கள். நானும் உடன் வருகிறேன். ஆனால் அந்தக் காரணத்தைக் காட்டிப் பெண்ணை வகுப்புக்குள்ளும் வாய்மூடி இருக்கச் சொன்னால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே நாவல் எழுதி வெளியிட்ட சமுதாயம் இது.

இவ்விரு எதிர்ப்புகளையும்விட ஆழமான தீங்கு அந்தச் சிவப்பு மையில் இருக்கிறது என்பதே என் கருத்து. அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் பணிக்காலத்தில் எத்தனை பிள்ளைகளின் ‘ஆணத்’தை நானே அடித்துக் ‘குழம்பு’ ஆக்கியிருக்கிறேன்! தமிழகராதியைப் புரட்டிப் பார்த்தபோது குழம்பு என்ற பொருளோடு அச்சொல் அதில் அமர்ந்திருக்கக் கண்டு நாணினேன். பசியாறுதல் என்பதைவிட அழகிய தமிழ் ஒன்றைக் காலை உணவுக்கு எவர் தருவார்? தொழுகை என்றும் நோன்பு என்றும் வழங்கித் தமிழைப் போற்றி வரும் மக்களின் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று தள்ளியவர்களில் நானும் ஒருவன். அப்படித் திருத்தப்பட்ட பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? நல்ல தமிழையா? இல்லை. தன் உம்மா பேசுவது தவறு என்பதைக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் வகுப்பில் அது வாய் திறப்பதில்லை. நாமோ, இப்பிள்ளைகளுக்குப் பேச்சாற்றல் இல்லை என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து குறைபட்டுக்கொள்கிறோம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வு முழுவதும் எழுத்துத் தேர்வுதானே, பேசாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்ற அலட்சியமும் நம்மிடம் உண்டு.

நான் எழுத்துத் தமிழுக்குப் பகைவன் அல்லன். பிள்ளை செந்தமிழ் எழுதியே ஆக வேண்டும். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. வலையொலி அதற்கு இடையூறா என்றால், அதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை என்பேன். கேட்ட பேச்சைக் கேட்டவாறே எழுதுவது ஒரு பயிற்சி. ‘அவுஹ’ என்பதை எப்படி எழுதுவது என்று பேத்தி அரைமணி நேரம் திண்டாடினாள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை இலக்கண நூலின் எழுத்ததிகாரத்தைவிட அந்த அரைமணி நேரம் அவளுக்கு நன்றாக உணர்த்தியது. பதிவின் தொடக்கத்திலும் இடையிலும் தன் வாயால் சொல்லும் இணைப்புரையை நல்ல உரைநடையில் எழுதுவது மற்றொரு பயிற்சி. சொல்பவர் பேச்சு அவர் வழக்கில் நிற்கட்டும். சொல்லித் தொகுப்பவள் உரை எழுத்து வழக்கில் நிற்கட்டும். இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்து, இடமறிந்து வழங்குபவரே மொழி அறிந்தவர். சிவப்பு மை திருத்த வேண்டியது இணைப்புரையை. பேத்தியின் இணைப்புரையில் இரண்டு ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவை ஆசிரியர் கண்ணில் படவில்லை!

வினவிக் கேட்டு விடை பெறுவது நமக்குப் புதிதுமன்று. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலா முழுவதுமே வினாவும் விடையுமாக அமைந்த நூல். கிஸ்ஸாவும் நாமாவும் படைப்போரும் தனித்தமர்ந்து வாய்க்குள் படிக்கும் இலக்கியமாகவா இருந்தன? ஒருவர் ஓங்கிப் படிக்க, வீடு நிறைந்து கேட்டவை அவை. தமிழெழுத்து அறியாத மூதாட்டிகளுக்கும் அவற்றுள் பல பகுதிகள் மனப்பாடமாக இருந்தது எப்படி? செவி வழியாகத்தான். அவர்களில் பலர் அரபுத்தமிழில் கடிதம் எழுதினார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூல் சொல்கிறது? அவ்வாறு எழுதிய கடைசித் தலைமுறை இப்போது நம் வீட்டு முற்றங்களில் சாய்வு நாற்காலியில் இருக்கிறது. அவர்கள் போனபின் எந்தச் செயலியைக் கேட்பது?

செலவு என்று பள்ளிகள் சாக்குச் சொல்ல வேண்டா. வகுப்புக்கு ஒரு கைப்பேசி போதும். துணிகள் தொங்கும் அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாய்க்கும் கைப்பேசிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பதிந்தால் எதிரொலி அடங்கும். ஐவருக்கு ஒரு குழு; கேட்பவர், பதிபவர், எழுதுபவர், வெட்டி ஒட்டுபவர் என்று பிரித்துக்கொண்டால் கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளையும் பின்தங்காது. இன்னும் முக்கியமானது ஒன்றுண்டு. வேலையை வீட்டுப்பாடமாகத் தராதீர்கள். வகுப்பு நேரத்திலேயே செய்ய விடுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் தந்தையர் செய்வார்கள், அல்லது கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுப்பார். மதிப்பெண்ணை வழவழப்புக்குத் தராமல், என்ன கேள்வி கேட்டாய், ஏன் அதைக் கேட்டாய், எதை வெட்டினாய், ஏன் வெட்டினாய் என்று பிள்ளையை எதிரில் நிறுத்திக் கேட்டு அதற்குத் தாருங்கள். எந்தச் செயலியும் அவ்விடத்தில் உதவிக்கு வராது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை பதிவு செய்ய வரும்போது, “இதையெல்லாம் சொல்லாதே, நல்ல தமிழில் பேசு, நம் வீட்டுச் சங்கதி எதற்கு?” என்று கூடத்தின் நடுவில் நின்று கத்துபவர்கள் நீங்கள்தாம். அந்தப் பரிசு பெற்ற தந்தையை நான் தெருவில் கண்டு கேட்டேன். “என் மகன் பேச்சு அப்படியே எங்கள் உம்மா பேச்சு, பள்ளிக்கூடத்தில் சிரிக்க மாட்டார்களா?” என்றார். அவர்மீது இருந்த கோபம் அவ்விடத்தில் எனக்குத் தணிந்துபோயிற்று. பள்ளிமீது இருந்தது இரட்டிப்பாயிற்று. தன் தாயின் பேச்சை மறைப்பதற்காக ஒரு மனிதர் இரவெல்லாம் விழித்திருந்து இயந்திரக் குரல் தேடியிருக்கிறார்.

பள்ளிக்கு ஒரு மடல் எழுதினேன். மதிப்பெண்ணைக் கூட்டக் கேட்கவில்லை. பதிவை வகுப்பில் எல்லாரும் கேட்க ஒருமுறை ஒலிக்கச் செய்யுங்கள் என்றேன். மறுமொழி இன்னும் வரவில்லை. இவ்வாண்டும் அதே பணியைத் தந்திருக்கிறார்கள். தலைப்பு ‘எங்கள் ஊர்த் தொழில்’. யாரிடம் போகலாம் என்று பேத்தி கேட்டாள். கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவரிடம் போகச் சொல்லியிருக்கிறேன். எழுத்துப் படியைப் பார்த்துத் தருவேன். ஏலக்காரர் பேச்சில் ஓர் எழுத்தையும் திருத்த மாட்டேன் என்பதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.